சின்னமலை எஸ்டேட்டைப் பற்றி எங்கள் எஸ்டேட் என்ன சொல்கிறது?

(காட்சி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைச் சரிவு. இருட்டப்போகிறது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு ஜன்னலில் டிவி வெளிச்சம்.)

வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரே அறையில் பதினோரு பேர், இரண்டு கம்பளி, டிவியில் 'காதலிக்க நேரமில்லை'. எல்லோரும் பலமுறை பார்த்த படம்தான். ஆனால் இந்த முறை படம் முடிந்ததும் பெரிய வாக்குவாதம் கிளம்பிவிட்டது. மறுநாளும் விடாமல் அக்கம்பக்கத்தில் கேட்டு வந்தேன். அவர்கள் சொன்னதையும், அதிலிருந்து எனக்குப் புரிந்ததையும் சொல்கிறேன்.

முதலில் படம். 1964 பிப்ரவரியில் வந்தது. 'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று ஊரையே அழவைத்த ஸ்ரீதர், கோபுவோடு சேர்ந்து எழுதிய முழுநீள நகைச்சுவை. ஈஸ்ட்மேன் கலர், வின்சென்ட் ஒளிப்பதிவு, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. ரவிச்சந்திரனுக்கு இதுதான் முதல் படம். கதையில் சின்னமலை என்று வரும் இடம் உண்மையில் ஆழியாறு, வால்பாறை மலைக்கு ஏறும் அடிவாரம். அந்த அணைப் பக்கத்து விருந்தினர் மாளிகையைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் போகிறார்கள்.

(காட்சி: ஒரு வீட்டின் கோட்டோவியம். அறைக்கு ஒரு ஆள்.)

எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், அதாவது பாலையா. யாரைப் பார்த்தாலும் எவ்வளவு சொத்து என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும். மகன் செல்லப்பா, நம் நாகேஷ், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு படக் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி இருக்கிறது, பணம்தான் இல்லை. படித்து முடித்து வரும் இரண்டு மகள்கள் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும். மகள்களில் ஒருத்தியைக் காதலிக்கும் அசோக், அதாவது ரவிச்சந்திரன், எஸ்டேட்டில் வேலை போனதும் வீட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு உட்கார்ந்து 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாட, கதை சூடு பிடிக்கிறது.

எங்கள் அப்பாயிக்கு அந்தக் கூடாரக் காட்சியில்தான் சிரிப்பு வரவில்லை. "துரை பங்களா முன்னாடி இப்படி உக்காந்திருந்தா சும்மா விட்டிருப்பாங்களா? அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க" என்றார். அவர் இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை எந்த நாடு ஏற்பது என்று முடிவு செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபரில், அதாவது இந்தப் படம் வந்த அதே ஆண்டில். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வேலை போனால் லயமும் போகும் என்ற பயத்தோடு வாழ்ந்த ஒருவருக்கு, வேலை கேட்டுப் பாடும் பாட்டு எப்படிச் சிரிப்பாக இருக்கும்? இதைக் கேட்ட பிறகு என்னாலும் அந்தப் பாட்டைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ஆனாலும் மெட்டுக்கு அப்பாயியின் கால் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

(காட்சி: பச்சைத் தேயிலை மூட்டைகள் ஏற்றிய வண்டி, மேட்டில் ஏறுகிறது.)

பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், என் படுகர் நண்பன், சிறு விவசாயி. அவன் சொன்னது வேறு. படத்தில் எஸ்டேட் என்றால் பங்களாவும் காரும்தான், பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிய மாதத்தில் அந்தப் பெரியவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்றான். நியாயமான ஆசை. அது வேறு படம்.

என் அத்தை மகள் ஊட்டியில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குக் கோபம் மகள்கள் மேல். "ரெண்டு பேரும் படிச்சவங்க. அப்பாகிட்ட நேரா ஒரு வார்த்தை பேச மாட்டாங்களா? எதுக்கு ஒருத்தன் வெள்ளைத் தலையோட வேஷம் போடணும்?" என்று கேட்டாள். அசோக்கின் பணக்கார அப்பாவாக அவன் நண்பன் வேஷம் போட்டு வருவதைத்தான் சொல்கிறாள். அந்தக் காலம் அப்படி என்று மாமா சொன்ன பதில் எனக்கு உவப்பாக இல்லை. பேசியிருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பது உண்மை. ஆனாலும் அவள் கேட்டது சரியான கேள்வி. காதலுக்கான திட்டம் முழுவதும் ஆண்கள் கையில் இருக்கிறது. அந்த இரண்டு பெண்களுக்கும் இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கலாம்.

அப்புறம் மாமாவின் அபிப்பிராயம். இதில்தான் நான் அழுத்தமாக மாறுபடுகிறேன். "நாகேஷ் டிராக்கைத் தனியா வெட்டி எடுத்தாலும் படம் ஓடும். கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்பது அவர் கட்சி. இப்படிச் சொல்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

(காட்சி: திரை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் 'செல்லப்பாவின் படம்', வலது பக்கம் 'அசோக்கின் நாடகம்'.)

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். செல்லப்பா படம் எடுக்கப் பணம் கேட்டு அப்பாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மேனேஜர் மகளை, அதாவது சச்சுவை, கதாநாயகி ஆக்குகிறான். எல்லாம் தயார், அப்பா மட்டும் மசியவில்லை. அதே வீட்டில் அசோக் என்ன செய்கிறான்? தான் பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை என்று ஒரு கதை கட்டுகிறான். அந்தப் பணக்கார அப்பா வேஷத்துக்கு நண்பன் வாசுவை, முத்துராமனை, அழைத்து வருகிறான். கதை, நடிகர், மேக்கப் எல்லாம் ஆயிற்று. பார்வையாளர் விஸ்வநாதன். மகனின் கதைக்கு ஒரு பைசா தராத மனிதர், இந்தக் கதைக்கு மகளையே கொடுக்கத் தயாராகிறார். காரணம், இதில் பணம் வருகிறது. மகனுடையதில் பணம் போகிறது.

அதனால்தான் நாகேஷ் பகுதியை வெட்ட முடியாது என்கிறேன். வீட்டுக்குள் எடுக்கப்படாமலே நிற்கும் படமும், வீட்டு வாசலில் ஓடிக்கொண்டே இருக்கும் நாடகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் குடும்பத்தில் எல்லோரும் கதை சொல்கிறார்கள், நம்புகிற ஒரே ஆள் அப்பா. பாலையா அவரை ஏமாளியாகக் காட்டவில்லை. சம்பந்தி வேஷத்தில் வந்தவர் பேசப்பேச, அவர் முகத்தில் மரியாதை ஏறுவதைப் பாருங்கள். அத்தனையும் மனதார. அந்த நம்பிக்கை இல்லையென்றால் காதலர்களின் பொய் வெறும் மோசடியாகத்தான் தெரியும். தெலுங்கிலும் இந்தியிலும் இந்தக் கதையைத் திரும்ப எடுத்தார்கள். 1966-ல் வந்த இந்திப் படத்தில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இந்த மகன்-அப்பா வேடங்களைச் செய்தார்கள். எந்த மொழிக்குப் போனாலும் இந்த ஜோடியை யாரும் வெட்டவில்லை.

(காட்சி: லயத்து அறை. விளக்கு அணைத்திருக்கிறது.)

அந்தப் பேய்க்கதைக் காட்சிக்கு வருவோம். செல்லப்பா அப்பாவிடம் கதை சொல்கிறான். காற்று, கதவு, காலடி எல்லா ஓசையும் அவன் வாயிலிருந்தே வருகிறது. பாலையாவுக்கு வசனம் கொஞ்சம்தான். கண் விரிகிறது, உடம்பு சுருங்குகிறது, அவ்வளவுதான். மகன் கதைக்குப் பணம் தர மறுக்கிற அதே மனிதர், அந்தக் கதைக்குள் முழுசாக மூழ்கிவிடுகிறார்.

அன்றைக்கு அந்தக் காட்சி வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை. வெளியே மூடுபனி, லயத்து நாய்கள்கூடக் குரைக்கவில்லை. கூடாரக் காட்சிக்குச் சிரிக்காத அப்பாயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, இந்த மனுசன் எந்திரிச்சுப் போகாம இன்னும் உக்காந்திருக்காரு?" என்று கேட்டார், பிடியை விடாமல்.