காசிமேட்டிலிருந்து மாலத்தீவு: ரிசார்ட் வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

[காட்சி: காசிமேடு துறைமுகம், விடியற்காலை. கட்டிப்போட்ட விசைப்படகுகள்.]

வணக்கம். ஏப்ரல் 15 வந்தால் இந்தப் படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில்தான் நம் ஏரியா டீக்கடைகளில் வெளிநாட்டுப் பேச்சு சூடாக ஓடும். தண்டையார்பேட்டையில் ஏசி வேலை பார்க்கும் ஒரு தம்பி போன வாரம் என்னிடம் கேட்டான்: "அண்ணே, மாலத்தீவுக்கு டிக்கெட் போட்டுப் போயிட்டா, ரிசார்ட் ரிசார்ட்டா ஏறி வேலை கேட்டுக்கலாம் இல்ல?"

முடியாது தம்பி. ஏன் என்று பார்ப்போம்.

[காட்சி: மாலே நகரமும் சுற்றியுள்ள தீவுகளும், வரைபடம்.]

அங்கே கடற்கரைச் சாலையில் வரிசையாக ஹோட்டல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1972-ல் குரும்பா என்ற பெயரில் முதல் ரிசார்ட் திறந்தார்கள். அதன் பிறகு வந்தவையும் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற கணக்குதான். ஸ்பீட் போட்டிலோ தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்திலோ போக வேண்டும். வாட்ச்மேனிடம் பேசுவதற்கே கடல் தாண்ட வேண்டிய ஊர் அது.

அடுத்து விசா. இந்தியர்களுக்கு மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கும். இந்த இலவசத்தைத்தான் சில ஏஜென்ட்கள் "விசா ரெடி" என்று காசுக்கு விற்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்யக் கூடாது. வேலைக்கு வேண்டிய அனுமதியை ரிசார்ட் நிர்வாகம்தான் அந்த நாட்டு அரசிடம் உங்கள் பெயரில் வாங்க வேண்டும். அந்தத் தாள் வந்த பிறகுதான் நீங்கள் மீனம்பாக்கம் போக வேண்டும்.

தாய்லாந்தில் புக்கெட், பட்டாயா என்று கேட்பவர்களுக்கும் இதே கதைதான், இன்னும் கறாராக. டூர் கைடு, முடி வெட்டுவது, தாய் மசாஜ் இதெல்லாம் அந்நாட்டவருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்து மாட்டினால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், மேலே ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2022-ல் "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை" என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் விட்டார்கள்.

[காட்சி: எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். காட்டுப்பள்ளி சாலை.]

சரி, நமக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? ரிசார்ட் என்றதும் எல்லோருக்கும் கோட் போட்ட ரிசப்ஷன்தான் கண்ணில் தெரிகிறது. அந்த வேலைக்கு நல்ல ஆங்கிலம், கூடவே ரஷ்ய மொழியோ சீன மொழியோ தெரிந்தவர்களோடு போட்டி போட வேண்டும். நான் உங்களைப் பின்பக்கம் பார்க்கச் சொல்கிறேன்.

தனித் தீவு என்றால் கரன்ட்டும் தண்ணீரும் அங்கேயே தயாராக வேண்டும். டீசல் ஜெனரேட்டர் இரவு பகலாக ஓடும். கடல் தண்ணீரை உப்பு நீக்கித்தான் குளிக்கவும் சமைக்கவும் கொடுப்பார்கள். இந்த வேலை எங்கே கற்றுக்கொள்வது என்று வடசென்னைக்காரனைக் கேட்டால் அவன் சிரிப்பான். 2010-லிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் அளவில் கட்டிய ஆலை நம் காட்டுப்பள்ளியில்தான் இருக்கிறது. ஆர்.ஓ. பிளான்ட் ஆபரேட்டர், ஜெனரேட்டர் மெக்கானிக், ஏசி மெக்கானிக், பிளம்பர், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பிரித்துப் போடத் தெரிந்தவர் என்று நம் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். ஆனால் ஐ.டி.ஐ. சான்றிதழும் வேலை பார்த்த இடத்தின் அனுபவக் கடிதமும் இல்லாமல், "கை வேலை தெரியும்" என்று சொன்னால் மட்டும் எடுபடாது. அதை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

மீன் வெட்டுபவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, சமையல்கட்டில். ஒன்று மட்டும்: வஞ்சிரத்தை வளையமாகத் துண்டு போடுவது வேறு, முள்ளும் தோலும் இல்லாமல் பக்கவாட்டில் சதையை மட்டும் உரித்தெடுப்பது வேறு. அங்கே கேட்பது இரண்டாவதை. நீச்சல் விஷயமும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவனாக இருந்தாலும், டைவிங் சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் வேண்டும்.

எப்போது விண்ணப்பிப்பது? அங்கே டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, கூட்டம் அதிகம். நம் தடைக்காலம் முடியும்போது அங்கே சீசனும் ஓய்ந்திருக்கும். அதனால் தடைக்காலத்தில் தாள்களைத் தயார் செய்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் ரிசார்ட்டுகளின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்.

[காட்சி: மண்ணடித் தெரு, மாடிப்படி ஒன்று.]

இப்போது ஏஜென்ட். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு மாடிப்படி ஏறி 60,000 ரூபாய் கொடுத்தவன். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். நம்பிக்கை இருந்தது. அடுத்த மாதம் போர்டு இல்லை. அன்று எனக்குத் தெரியாத ஒரு விஷயம்: வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983-ம் ஆண்டு குடியகல்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். நம்மிடம் வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும். ரசீது கட்டாயம். பதிவு எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஏஜென்டே வேண்டாம் என்றால், 1978-ல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது.

[காட்சி: ஒரு ஆஃபர் லெட்டர், விரல் ஒவ்வொரு வரியாக நகர்கிறது.]

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதா? ஜிமெயில் முகவரியிலிருந்து வந்திருந்தால் ரிசார்ட்டின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். பிறகு சம்பளத் தொகை எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். மாலத்தீவு ரிசார்ட்டுகளில் விருந்தினர் பில்லில் குறைந்தது 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டு, ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சீசனில் அது கொழுக்கும், மழையில் மெலியும். "மாதம் இவ்வளவு" என்று எழுதியிருப்பது அடிப்படைச் சம்பளமா, இந்தப் பங்கையும் சேர்த்த தொகையா என்று கட்டாயம் கேளுங்கள். கடன் வாங்கிப் போகிறவர்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்தே தவணைக் கணக்குப் போடுங்கள். சாப்பாடு, தங்குமிடம், விமான டிக்கெட் யார் செலவு என்பதும் தாளில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். மாலத்தீவுக்குள் மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது, வழிபாட்டுச் சிலைகளும் கூடாது. அம்மா துணிக்கு நடுவில் குட்டி முருகனையோ மாதாவையோ செருகி வைத்திருப்பார், கிளம்பும் முன் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அப்புறம், அங்கே படகுக்குப் பெயர் தோனி. நம் தோணியேதான். நம் வீட்டில் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடும் அந்த ஊர்ச் சரக்கு. முதல் லீவில் வரும்போது அம்மா அதைத்தான் கேட்பார்.