உப்பு போனால் போதுமா? ஆழிப்பேரலைச் சேற்றை எப்படிச் சோதிப்பது

வணக்கம். ஆழிப்பேரலை புகுந்த வயலில் உப்பு நீங்கிவிட்டால் மண் தேறிவிட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு ஏன் போதாது என்பதை, 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையில் நடந்ததை வைத்து விளக்குகிறேன். அன்று ஏறத்தாழ 23,600 ஹெக்டேர் விளைநிலம் கடல்நீரில் மூழ்கியது; அதில் பாதிக்கும் மேல் மியாகி மாகாணத்தில் இருந்தது.

அந்தக் கரையிலுள்ள சென்டாய் சமவெளியில் கடல்நீர் 4 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே சென்றது. கரையோரத்தில் மணல் கனமாகப் படிந்தது. உள்ளே போகப் போக மணல் குறைந்து, கடைசியில் நுண்ணிய சேறு மட்டுமே மிஞ்சியது. மாசைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சேற்றைத்தான், ஏனெனில் ஆர்செனிக், ஈயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்கள் மணலைவிடக் களித்துகள்களில்தான் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. எனினும் எல்லாச் சேறும் கடலடியிலிருந்து வந்ததன்று. சென்டாய் சமவெளியில் அலை வயல்மண்ணையே பெயர்த்து மறுபடியும் பரப்பியிருந்தது. அதே கரையிலுள்ள கெசென்னுமா துறைமுகத்திலோ எண்ணெய்த் தொட்டிகள் அடித்துச் செல்லப்பட்டு எண்ணெயும் சேற்றில் கலந்தது. ஆகவே ஓர் ஊரின் சோதனை முடிவை அடுத்த ஊருக்கும் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

இந்தக் கண்ணாடிக் குடுவையைப் பாருங்கள். இதில் இருப்பது சாதாரணக் கழிமுகச் சேறு. மேற்பரப்பில் மெல்லிய பழுப்புப் படலம். அதற்குக் கீழே முழுக்கக் கருமை. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. கருமைக்குக் காரணம் இரும்பு சல்பைடு. காற்றுப் புகாத நீரடியில் அது சும்மா கிடக்கும். வயலில் பரவிக் காற்றுப் பட்டுவிட்டால் மெல்ல மெல்லக் கந்தக அமிலத்தை உண்டாக்கும். மண்ணில் அமிலம் ஏறினால், அதுவரை துகள்களில் பிடிபட்டிருந்த காட்மியம் போன்ற உலோகங்கள் நீரில் கரையத் தொடங்கும். ஈரச் சேற்றில் முதல் நாள் எடுத்த, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு நல்லபடியாக இருந்தாலும், காய்ந்த பிறகு வேறு கதையாகிவிடும். அதனால்தான், காற்று மெல்லச் செய்வதை விரைவாகச் செய்துவிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, பின்னால் எவ்வளவு அமிலம் உண்டாகக்கூடும் என்பதை முன்கூட்டியே சோதிக்கிறார்கள்.

மாதிரி எடுக்கும் முறையும் அதே அளவுக்கு முக்கியம். குழி வெட்டி, படிந்த சேற்றைத் தனியாகவும் அடியில் உள்ள பழைய வயல்மண்ணைத் தனியாகவும் எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால், மேலே சில சென்டிமீட்டரில் திரண்டிருக்கும் மாசு சராசரியில் மறைந்துபோகும். சோதனைக்கு முன் உழுதுவிட்டாலும் இதே இழப்புதான். அலை எட்டாத பக்கத்து வயலிலும் ஒரு மாதிரி எடுப்பது அவசியம். ஆர்செனிக் இயற்கையாகவே பாறையிலும் மண்ணிலும் உண்டு என்பதால், ஒப்பிட ஒன்று இல்லாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை.

அடுத்து, மொத்தமாக எவ்வளவு ஆர்செனிக் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு நீரில் இறங்கும் என்பது வேறு கேள்வி. ஜப்பானின் மண் மாசுத் தரநிலை, மண்ணை நீரில் குலுக்கி வடித்த சாற்றில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கக் கூடாது என்கிறது. நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊருக்கு இந்த இரண்டாவது எண்ணையே நான் முதலில் கேட்பேன்.

உப்பைப் பொறுத்தவரை வழி தெளிவு: நல்ல நீர் கட்டி வடிக்க வேண்டும், சோடியம் களியை இறுக்கிவிட்ட இடத்தில் ஜிப்சம் இட வேண்டும். சென்டாயில் வடிகால் பம்பு நிலையங்கள் சேதமடைந்து, நிலநடுக்கத்தில் நிலமும் தாழ்ந்துபோனதால் அந்த வேலையே இழுத்தது. ஆனால் உலோகங்கள் உப்பைப் போல மழையோடு போய்விடுவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தின் அந்தமான் கரையில் நடந்த ஆய்வில், ஒரு மழைக்காலம் முடிந்ததும் உப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. உலோகங்களோ பெரும்பாலும் படிவிலேயே தங்கியிருந்தன. ஆகவே சேற்றை வாரி அகற்றுவதென்றாலும், வடிசாற்றுச் சோதனை முடிவு கைக்கு வரும்வரை அதைக் கிணற்றடியிலோ வாய்க்கால் கரையிலோ குவிக்காமல், தார்ப்பாய் விரித்து, மேலேயும் மூடி வைக்க வேண்டும்.