மறுபடியும் அதே நடிகர்

வணக்கம். புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கத்திலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் என் அன்பு. சினிமாவில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள், அதனால் ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு இயக்குநர் ஒரே நடிகரைத் திரும்பத் திரும்பத் தன் படத்துக்குக் கூப்பிடுகிறார். "இவருக்கு வேற ஆளே கிடைக்கலையா" என்று ஒரு பக்கம் அலுத்துக்கொள்கிறோம், இன்னொரு பக்கம் "அந்தக் கூட்டணி மறுபடி சேருதாம்" என்று கேள்விப்பட்டால் நாமே முதல் ஆளாக டிக்கெட் எடுக்கிறோம். எப்போது இது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது?

நான் பார்த்த வரைக்கும் ஒரு அடையாளம் உண்டு. இரண்டாவது படத்திலோ மூன்றாவது படத்திலோ, அந்த நடிகரிடம் எது பலமோ அதை இயக்குநர் எடுத்துவிடுகிறாரா என்று பாருங்கள். எடுத்துவிட்டால் படம் நிற்கிறது. ஏற்கெனவே இருப்பதையே இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அந்த வாரம் ஓடும், அப்புறம் யாரும் நினைப்பதில்லை.

ஏ. பீம்சிங்கையும் சிவாஜி கணேசனையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ப' வரிசைப் படங்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். 1961-இல் மட்டும் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று மூன்று படங்கள், மூன்றும் ஒரே வருஷத்துக்குள். அதற்கு முன்னால் 1959-இல் பாகப்பிரிவினை, 1960-இல் படிக்காத மேதை. இதையெல்லாம் குடும்பப் பாசக் கதைகள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டோம். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். பாகப்பிரிவினையில் கண்ணையனுக்குக் கை விளங்காது. பாவமன்னிப்பில் ரஹீமின் முகம் திராவகத்தில் வெந்துபோகிறது. பாசமலரில் ராஜுவுக்குக் கடைசியில் பார்வை போகிறது, பாலும் பழமும் டாக்டர் ரவிக்கும் கண் போகிறது. அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே கையையும் முகத்தையும் கண்ணையும் வைத்து அதிகம் பேசிய நடிகர் சிவாஜி. அவரிடமிருந்து படத்துக்குப் படம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகிறார் பீம்சிங். அவர் இதைத் திட்டம் போட்டுத்தான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கை போனதும் அந்த நடிகர் முதுகாலும் தோளாலும் நடிக்க ஆரம்பிக்கிறார், அது திரையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஒருவரோடு பழகிய இயக்குநருக்குத்தான் எதை எடுத்தாலும் இந்த ஆள் விழமாட்டார் என்று தெரியும்.

ஏ.பி. நாகராஜன் இன்னும் ஒரு படி மேலே போனார் என்று சொல்லுவேன். நவராத்திரி, திருவிளையாடல், சரஸ்வதி சபதம், திருவருட்செல்வர், திருமால் பெருமை என்று 1964-லிருந்து வருஷம் தவறாமல் சிவாஜியை வைத்து எடுத்தார். எல்லாம் வசனத்தால் நிரம்பிய படங்கள். திருவிளையாடலில் அவரே நக்கீரராக வேஷம் கட்டி சிவாஜிக்கு எதிரே நின்று வாதம் செய்கிறார். தன் நாயகனோடு நேருக்கு நேர் நின்று குரலால் மோதிப் பார்த்த இயக்குநர் அவர். அப்படிப்பட்டவர் 1968-இல் தில்லானா மோகனாம்பாளில் என்ன செய்தார்? அந்தக் குரல்காரரின் வாயில் நாகஸ்வரத்தைக் கொடுத்துவிட்டார். வாசிக்கும்போது மனுஷன் பேச முடியாதே!

'நலந்தானா' காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். பத்மினி ஆடிக்கொண்டே கேட்கிறார், உடம்பு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று. சிவாஜியிடம் பதிலுக்கு ஒரு சொல்லும் கிடையாது. கன்னம் உப்பியிருக்கிறது, உதடு சீவாளியைக் கவ்வியிருக்கிறது, மிச்சமிருப்பது இரண்டு கண்களும் புருவமும்தான். வாசிப்பு எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அதற்கு மூச்சுப் பிடித்து, வலியையும் காதலையும் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறாரே, பழகாத ஒரு இயக்குநர் அந்த இடத்தில் ஒரு பக்க வசனம் எழுதிக் கொடுத்திருப்பார். நாகராஜனுக்குத் தேவைப்படவில்லை.

இந்தப் பழக்கம் சினிமாவில் பிறந்ததும் இல்லை. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேஷம் கட்டி வளர்ந்தவர், சிவாஜியும் பையன்களை வைத்தே நாடகம் போடுகிற பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். இந்த பாய்ஸ் கம்பெனி மரபுக்கெல்லாம் ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள். 1922-இல் அவர் மறைந்தது நம் புதுச்சேரியில்தான், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகக் கம்பெனியில் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. ராஜபார்ட்டுக்கு ஒருவர், ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவர், அவ்வளவுதான். வாத்தியார் அந்த இருக்கிற ஆட்களின் குரலையும் மூச்சையும் மனதில் வைத்துத்தான் பாட்டே எழுதுவார். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில் கூத்திலும் துரியோதனன் கட்டுகிறவர் வருஷா வருஷம் அதே ஆள்தான், கதையும் தெரிந்த கதைதான், இந்த வருஷம் அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்க்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். பீம்சிங் படங்களுக்குக் கூட்டம் கூடியதிலும் அந்தப் பழக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பி.ஆர். பந்துலுவும் இதே வழிதான். 1959-இல் வீரபாண்டிய கட்டபொம்மனில் கர்ஜிக்க வைத்த அதே சிவாஜியை 1961-இல் கப்பலோட்டிய தமிழனில் சிறைக்குள் செக்கிழுக்க வைத்து, வெளியே வரும்போது வரவேற்கக் கூட்டமில்லாத ஒரு தளர்ந்த மனிதராக நிற்க வைத்தார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய படம்.

எம்.ஜி.ஆரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊரில் என்னை விடமாட்டார்கள். தேவர் பிலிம்ஸில் எம்.ஏ. திருமுகம் எடுத்த தாய் சொல்லைத் தட்டாதே, தாயைக் காத்த தனயன் போன்ற படங்களில் எம்.ஜி.ஆரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. ஜனங்கள் வந்தது அவரை முழுசாகப் பார்க்க. அதை நான் குறைத்துப் பேசவில்லை, அது நடிகருக்கும் ஜனங்களுக்கும் நடுவே இருந்த ஒரு உடன்படிக்கை, இயக்குநர் அதை நாணயமாகக் காப்பாற்றினார். நான் பேச வந்தது வேறு வகை.

ரஜினிக்கு வருவோம். எஸ்.பி. முத்துராமன் அவரை வைத்து இருபத்தைந்து படங்கள் எடுத்தார். முரட்டுக்காளை போன்றவற்றை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், ஆனால் 1977-இல் புவனா ஒரு கேள்விக்குறியில் அவர் செய்த காரியம் அசாத்தியத் துணிச்சல். வில்லனாகவே பெயர் வாங்கிக்கொண்டிருந்த ரஜினிக்கு நல்லவன் வேஷம், நல்ல பிள்ளையாகவே பார்த்துப் பழகிய சிவகுமாருக்குக் கெட்டவன் வேஷம். இரண்டு வருஷம் கழித்து ஆறிலிருந்து அறுபது வரையில் ரஜினியின் வேகத்தையும் ஸ்டைலையும் மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, தம்பி தங்கைகளுக்காகத் தேய்ந்துபோகிற ஒரு மூத்த பிள்ளையாக நடக்க வைத்தார். பஞ்சு அருணாசலம் எழுத்து, பாபு கேமரா, விட்டல் எடிட்டிங் என்று பின்னால் நின்றவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். ஒரு குழு அப்படி நிலைத்து நின்றால் படப்பிடிப்பில் விளக்கிச் சொல்ல வேண்டியது பாதி குறைந்துவிடும், இவர் முதல் டேக்கில் நன்றாகச் செய்வாரா நான்காவதில் செய்வாரா என்பது கேமராமேனுக்கும் தெரிந்திருக்கும்.

மகேந்திரன் இயக்கத்தில் ரஜினி நடித்தது முள்ளும் மலரும், ஜானி, கை கொடுக்கும் கை என்று மூன்றே படங்கள். முள்ளும் மலரும் காளியின் ஒரு கையை லாரி விபத்தில் எடுத்துவிடுகிறார். அடிக்கப் பாய்கிற ஒருவனுக்குக் கை இல்லை, ஆனால் திமிர் அப்படியே இருக்கிறது, அந்தத் திமிரை எங்கே வைப்பது என்று தெரியாமல் காளி தவிப்பதுதான் மீதிப் படம். ஜானியில் சண்டையெல்லாம் இருந்தாலும் நமக்கு நிற்பது, ஸ்ரீதேவி தன் மனதைத் திறந்து சொல்லும்போது எதிரே கூச்சத்தோடு நிற்கிற ரஜினி. கூச்சப்படுகிற ரஜினியை நமக்குக் காட்டியது மகேந்திரன்.

சரி, வியாபாரம். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். பெரிய நடிகரின் கால்ஷீட் கிடைத்துவிட்டால் படம் பாதி முடிந்த மாதிரி. நம் கடலூரும் புதுச்சேரியும் வருகிற என்.எஸ்.சி. ஏரியாவை, அதாவது வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு வட்டாரத்தை, வாங்குகிற விநியோகஸ்தர், கதை என்ன என்று கேட்பதற்கு முன்னால் யார் யார் சேர்கிறார்கள் என்று கேட்பார். அவர் வட்டிக்குப் பணம் புரட்டுகிறவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விதான் இயக்குநரின் கையைக் கட்டுகிறது. ஹரியும் சூர்யாவும் 2010-இல் எடுத்த சிங்கத்தில் நல்லூர் என்று ஒரு ஊர் இருந்தது, அதன் மனிதர்கள் இருந்தார்கள். இரண்டாம் பாகம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது, மூன்றாம் பாகம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, சத்தம் கூடிக்கொண்டே போக ஊர் கைவிட்டுப் போயிற்று. சிவாவும் அஜித்தும் விவேகத்தில் உடம்பையும் ஆயுதத்தையும் கூட்டிப் பார்த்தார்கள். அடுத்து 2019-இல் விஸ்வாசத்தில், பெற்ற பெண்ணிடம் "நான்தான் உன் அப்பா" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அந்த நாயகனிடமிருந்து எடுத்தார்கள். எந்தப் படத்துக்குக் குடும்பம் குடும்பமாக அழுதார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைய ஜோடிகளில் என் மனதுக்கு நெருக்கம் வெற்றிமாறனும் தனுஷும். பொல்லாதவனில் பைக் ஒன்றின் மேல் உயிரை வைத்திருக்கிற சின்னப் பையன், ஆடுகளத்தில் சேவல் விடுகிற கருப்பு, அப்புறம் வடசென்னை, 2019-இல் அசுரன். அசுரனில் அவருடைய இளமையையே எடுத்துவிட்டார். முப்பத்தாறு வயது நடிகர் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பனாக, மகனே கோழை என்று நினைக்கிற அளவுக்கு முதுகு வளைந்து நடக்கிறார். ஆடுகளத்துக்கும் அசுரனுக்கும் தேசிய விருது வாங்கினார், இரண்டும் வெற்றிமாறன் படங்கள்.

ஜப்பானில் இயக்குநர் குரோசாவாவும் நடிகர் மிஃபுனேயும் பதினாறு படங்கள், வங்காளத்தில் சத்யஜித் ராயும் சௌமித்ர சட்டர்ஜியும் பதினான்கு. அதிகம் விரிக்க நேரமில்லை. ஆனால் ஆலியான்ஸ் ஃபிரான்சேஸில் பிரெஞ்சுப் படம் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: த்ரூஃபோ 1959-இல் ழான்-பியேர் லெயோ என்ற பையனை அந்துவான் துவானெல் என்ற பாத்திரமாக்கி, அதே ஆளை அதே பாத்திரமாக 1979 வரை படம் எடுத்தார். அங்கே இயக்குநர் எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் அதைச் செய்தது.

இதுவரை நான் சொன்ன ஜோடிகளில் எல்லோரும் ஆண்கள். இது எனக்கு உறுத்துகிறது. ஒரு இயக்குநர் ஒரு நடிகையை இப்படி நம்பித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது நம்மிடம் குறைவு. கே. பாலசந்தர் அதைச் செய்தார். சுஜாதாவை வைத்து அவள் ஒரு தொடர்கதை, அவர்கள். அதைவிட, சரிதா. 1978-இல் தெலுங்கில் மரோ சரித்ராவில் ஓடியாடிச் சிரிக்கிற பெண்ணாக அறிமுகப்படுத்தினார், அதே வருஷம் தப்புத்தாளங்கள். 1981-இல் தண்ணீர் தண்ணீரில் அந்தத் துள்ளலும் சிரிப்பும் காணாமல் போய், தண்ணீருக்குத் தவித்த ஊரின் செவந்தியாக, புருஷனோ சர்க்காரின் போலீஸ்காரனாக இருக்க, இரண்டுக்கும் நடுவே நிற்கிற பெண்ணாக வருகிறார். அப்புறம் அக்னி சாட்சி, 1984-இல் அச்சமில்லை அச்சமில்லை. ஆறேழு வருஷத்துக்குள் ஒரு நடிகைக்கு இத்தனை வகையான பெண்களை ஒரே இயக்குநர் கொடுத்தார். பெரிய நாயகிகளுக்குப் பஞ்சமில்லாத இன்றைக்கு அப்படி ஒரு ஜோடி என் கண்ணில் படவில்லை. இன்று படம் எடுக்கிற தம்பிகளும் தங்கைகளும் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு நடிகையோடு முதல் படம் நன்றாக அமைந்தால் தயவுசெய்து அத்தோடு விட்டுவிடாதீர்கள், இரண்டாவது கதையையும் அவரை மனதில் வைத்து எழுதுங்கள்.

மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை மரோ சரித்ரா, தண்ணீர் தண்ணீர், அச்சமில்லை அச்சமில்லை மூன்றையும் கிடைத்தால் அந்த வரிசையிலேயே பாருங்கள், சரிதாவை மட்டும் கவனித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு நிலையத்துக்கு எழுதினால் நான் கட்டாயம் படிப்பேன். நன்றி, வணக்கம்.