யோர்தான் கரையில் சம்பளப் பேச்சு

அன்பு நேயர்களுக்கு வணக்கம். இளம் வயதில் கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிப்பது பற்றிப் பேசவேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கைப்பேசியைக் குறையுங்கள், நல்ல நண்பர்களைத் தேடுங்கள், காலையில் எழுந்ததும் வேதம் வாசியுங்கள். எல்லாம் நல்லவைதான். ஆனால் நான் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். சனிக்கிழமை மாலைகளில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்திற்கு உதவியாகப் போகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன பிள்ளைகள் அங்கே கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. ஆகவே நானும் பணத்திலேயே தொடங்குகிறேன்.

லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், யோவான் ஸ்நானகன் யோர்தான் நதிக்கரையில் பிரசங்கிக்கிறான். பேச்சு நெருப்பாக இருக்கிறது. "விரியன் பாம்புக் குட்டிகளே" என்றுதான் கூட்டத்தை அழைக்கிறான். கேட்டவர்கள் நடுங்கிப்போய், "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்கிறார்கள். இவ்வளவு காரமாகப் பேசியவன் நாற்பது நாள் உபவாசம் இருங்கள் என்றோ, வனாந்தரத்திற்கு வந்துவிடுங்கள் என்றோ சொல்லப்போகிறான் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவனோ, இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், சாப்பாடு இருப்பவனும் அப்படியே செய்யட்டும் என்கிறான். பிறகு ஆயக்காரர்கள் வந்து கேட்கிறார்கள். ரோம ஆட்சிக்காக வரி வசூலித்து, நடுவில் தங்கள் பைக்கும் ஒதுக்கிக்கொண்டவர்கள் அவர்கள். "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்பது அவர்களுக்குக் கிடைத்த பதில். கடைசியில் போர்ச்சேவகர்கள். ஒருவரையும் மிரட்டாதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்."

கவனித்தீர்களா? வேலையை விட்டுவிடு என்று யாரிடமும் அவன் சொல்லவில்லை. அந்தந்த வேலையில் கை எங்கே நீளும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சரியாக அந்த இடத்தில் விரலை வைக்கிறான்.

நம் காலத்து ஆயத்துறை எது என்று கேட்டால், கணக்குப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில், வேலைக்காகச் செய்த செலவை நிறுவனத்திடம் திரும்பக் கேட்கும் கிளைம் படிவம் என்றுதான் சொல்வேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு சென், டோல் கட்டணம், கார் நிறுத்தக் கட்டணம், வாடிக்கையாளருடன் சாப்பிட்ட செலவு. கிள்ளானுக்குப் போய் வந்த பயணத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடியிருக்கும். குடும்பத்தோடு சாப்பிட்ட ரசீதில் வாடிக்கையாளர் பெயர் இருக்கும். எல்லாரும் செய்வதுதானே, நிறுவனத்திற்கு இது ஒரு தொகையா என்பார்கள். கார் கண்ணாடியில் கிறிஸ்தவர்களின் அடையாளமான மீன் சின்னம் ஒட்டியவர்களின் படிவங்களும் அதே மேசைக்குத்தான் வருகின்றன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் பேசுவது சந்தையில் காய்கறி நிறுக்கிறவரை மட்டும் பார்த்து அல்ல.

கொஞ்ச காலத்துக்கு முன் எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி, கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீரும் கறிப்பாப்பும் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். சிறிய விநியோக நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை. முதலாளி அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி திரையில் இருந்தது. பொருள் மறு மாதம் 3ஆம் தேதிதான் கிடங்கிலிருந்து போகிறது. ஆனால் இன்வாய்ஸில் இந்த மாதம் 28 என்று போடு, வங்கிக்குக் காட்ட இந்த மாத விற்பனை தேவைப்படுகிறது. செய்தியின் கடைசியில் கைகூப்பும் சின்னம் வேறு. தம்பி என்னிடம் கேட்டான்: "அக்கா, பொருள் உண்மை, விலை உண்மை, வாங்குகிறவரும் உண்மை. இது பொய்யா, இல்லை வெறும் தேதியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெபித்துவிட்டுப் போட்டுவிடு என்றான் ஒருவன். ராஜினாமா செய் என்றாள், இன்னும் வேலைக்கே போகாத ஒரு தங்கை. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்ற மத்தேயு வசனத்தை ஒருவர் எடுத்துச் சொன்னார். வசனம் பொருத்தமானதுதான். ஆனால் மாதக் கடைசியில் முதலாளி காத்துக்கொண்டிருக்கும்போது, வசனத்துக்குப் பிறகு ஒரு வழியும் வேண்டும். அந்தக் கடன் விண்ணப்பத்திற்கு வங்கி என்ன பார்க்கிறது என்று நாங்கள் உட்கார்ந்து பேசினோம். வாடிக்கையாளர் எழுத்தில் கொடுத்த ஆர்டர் கையில் இருந்தது. "பொருள் போகும் தேதியில்தான் இன்வாய்ஸ் போடமுடியும், ஆர்டரின் நகலை வங்கிக்கு இணைத்துக் கொடுக்கலாமா" என்று மரியாதையாக அவன் பதில் எழுதினான்.

முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. வேறொருவரை வைத்து 28 என்றே போட்டுக்கொண்டார். தம்பி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். சம்பள உயர்வு ஒன்றும் வரவில்லை. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் பதவி உயர்வுக் கதைகள்தான் மேடை ஏறுகின்றன. வேலை கிடைத்தால் அது சாட்சி, வேலை போனால் அது ஜெபக் குறிப்பு. நேர்மையாக இருந்ததால் ஒரு லாபமும் வராமல், திங்கட்கிழமை மறுபடி அதே மேசைக்குப் போகிற பிள்ளையை மேடைக்கு அழைத்து யாரும் ஒலிவாங்கி கொடுப்பதில்லை.

சம்பளமே போதும் என்ற வார்த்தையைச் சிலர் வசதியாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முதலாளிகள் குறிப்பாக. யோவான் அதைச் சொன்னது கையில் வாள் வைத்திருந்தவர்களிடம். வாளைக் காட்டி ஊரார் பணத்தைப் பறிக்கக்கூடியவர்களிடம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அந்தத் தொகையில் கோலாலம்பூரில் அறை வாடகையும் கட்டி வீட்டுக்கும் அனுப்புகிற பிள்ளை சம்பள உயர்வு கேட்டால், அதில் பேராசை எதுவும் இல்லை.

சம்பளம் வாங்குகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். முப்பது வயதை நெருங்கும்போது நம்மில் பலர் சம்பளம் கொடுக்கிற பக்கத்துக்கும் வந்துவிடுகிறோம். உணவுக்கடை தொடங்குகிறோம், இணையத்தில் கேக் விற்கிறோம், உதவிக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்கிறோம். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ஊழியர் சேமநிதிக்கான சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். மோசேயின் சட்டம் இதைவிடக் கறாரானது. உபாகமம் 24ஆம் அதிகாரம், கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே, பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிடு என்கிறது. அவன் ஏழை, அதை நம்பி இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. உன் சகோதரனுக்கு மட்டுமல்ல, உன் ஊரில் இருக்கும் அந்நியனுக்கும் அதுதான் நியாயம் என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. நம் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வங்காளதேசத்துத் தம்பியையும் நேப்பாளத்துக் காவலாளியையும் நினைத்துக்கொண்டு அந்த வசனத்தை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஊழியரின் சம்பளத்தில் சேமநிதிக்கென்று 11 விழுக்காட்டைப் பிடித்துவிட்டு, அதைக் கட்டாமல் கடை வாடகைக்குத் திருப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தசமபாகம் போடுகிற பழக்கத்தைப் பற்றி ஏழைகளை நசுக்கிக்கொண்டே காணிக்கை செலுத்தியவர்களைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசி என்ன சொல்லியிருப்பார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது படிப்புக் கடன். 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். நிதியால் படித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஏராளமானோர் இருப்பீர்கள். அரசாங்கக் கடன்தானே, ஒருநாள் தள்ளுபடி செய்வார்கள் என்று காத்திருப்பவர்கள் உண்டு. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி என்ற ரோமர், தன் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்ற இந்த மனிதர்களை என்ன செய்வது என்று கேட்கும் கடிதம் அது. அவர்களைப் பிடித்து விசாரித்ததில் தெரியவந்ததையும் எழுதுகிறார்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள், பிறகு கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள். வெளியாள் ஒருவர், அதுவும் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர், கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதிலேயே இருக்கிறது. கட்ட முடியாத நிலை உண்மையில் இருந்தால், தவணையை மாற்றி அமைத்துக்கொள்ள அந்த நிதிக் கழகத்திலேயே வழி இருக்கிறது. போய்க் கேட்கவேண்டும், அவ்வளவுதான். புதுக் கைப்பேசிக்குத் தவணை கட்ட முடிந்தவருக்கு இந்தத் தவணை மட்டும் பாரமாக இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பணத்தை விட்டு வீட்டுக்கு வருகிறேன். நம்மில் அநேகருடைய குடும்பம் பாதி இந்து, பாதி கிறிஸ்தவம். தீபாவளிக்கு முந்தின நாள் பெரியம்மா வீட்டில் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். புதிதாக வைராக்கியம் வந்த தம்பிகள் சிலர் அன்றைக்கு அந்தத் தெருப்பக்கமே போவதில்லை. பள்ளிக் கட்டணம் கட்டி வளர்த்த பெரியம்மா, வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற இதே சிக்கல் கொரிந்து சபையிலும் இருந்தது. அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்குச் சொன்ன பதிலில் இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போ, முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு. இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. இதைச் சபைக்குச் சபை வெவ்வேறாகப் புரிந்துகொள்வார்கள், அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. என் கருத்து இதுதான்: ஒன்றை வேண்டாம் என்று சொல்ல ஒரு புன்னகையும் கூப்பிய கையும் போதும், பிரசங்கம் தேவையில்லை. பந்தியில் இலை போடலாம், தண்ணீர் ஊற்றலாம், பெரியப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிற முறையில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விசுவாசம் வந்த பிறகு பிள்ளை வீட்டுக்கு வருவதே நின்றுவிட்டது என்று ஒரு பெரியம்மா சொல்லும்படி விடக்கூடாது.

கடைசியாக விடுமுறைப் பிரச்சினை. சபா, சரவாக்கில் பெரிய வெள்ளி பொது விடுமுறை. நம் தீபகற்பத்தில் அது வேலை நாள். ஒவ்வோர் ஆண்டும் அந்த வெள்ளியன்று எத்தனை பேருக்குத் திடீரென்று வயிற்றுவலி வருகிறது என்று மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பொய்யாக எம்.சி. என்ற மருத்துவச் சான்று எடுத்துக்கொண்டு, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைக் கேட்க உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. அன்றைக்கு வேலை செய்துவிட்டு மாலை ஆராதனைக்கு வருகிறவர் ஒன்றும் குறைந்துபோவதில்லை. முதல் முந்நூறு ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமையும் சாதாரண வேலை நாளாகத்தான் இருந்தது. கான்ஸ்டன்டைன் பேரரசர் 321இல்தான் அதை ஓய்வு நாளாக அறிவித்தார். அதுவரை இருந்தவர்கள், அவர்களில் அடிமைகளும் உண்டு, விடியுமுன் கூடிவிட்டு வேலைக்குப் போனார்கள். பேரங்காடியில் ஞாயிறு முழுவதும் நின்று வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் சொந்தக்காரர்கள். அப்படிப்பட்டவர்களுக்காக வேறொரு நாள் இரவில் கதவைத் திறந்து வைக்கிற பொறுப்பு சபைக்கு உண்டு.

நம் நாட்டில் இதற்கு வேறொரு நல்ல வழியும் பழக்கத்தில் இருக்கிறது. ஹரிராயாவின்போது மலாய்த் தோழியின் பணி நேரத்தை நாம் ஏற்றுக்கொள்வது, சீனப் புத்தாண்டுக்குச் சீன நண்பருக்காக நிற்பது, கிறிஸ்துமஸுக்கு அவர்கள் நமக்காக நிற்பது. மருத்துவமனைத் தாதியரிடம் கேட்டால் இந்தக் கணக்கை விரல்விட்டுச் சொல்வார்கள். பெரிய வெள்ளியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு மாறி வரும் என்பதால், நாள்காட்டியைப் பார்த்து ஜனவரியிலேயே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மார்ச் வரை காத்திருந்தால் அலுவலகத்தில் வேறு யாராவது பள்ளி விடுமுறைக்கென்று முந்திக்கொண்டிருப்பார்கள். வணக்கம்.