தகிட தகிட தக: பாப்லோ ஸீக்லரின் பியானோ

அனைவருக்கும் வணக்கம்.

பேச்சுக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன வேலை. எல்லோரும் கையை எடுத்துத் தொடையில் தட்டுங்கள். தகிட தகிட தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்துக்கு மட்டும் தட்டு, மீதி வாயில் ஓடட்டும். தகிட தகிட தக, தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. கைக்குப் பழகிவிட்டதா? சரி, இப்போது நிறுத்தலாம். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். கடைசியில் திரும்ப வேண்டியிருக்கும்.

2018 ஜனவரியில் லத்தீன் ஜாஸ் பிரிவுக்கான கிராமி விருது ஒரு மூவர் குழுவின் இசைத்தட்டுக்குப் போனது. பியானோ, கிட்டார், பாண்டோனியான் என்ற துருத்தி வைத்த கைப்பெட்டி வாத்தியம். அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லை, அடிக்குரலில் பேசும் பெரிய வயலினான டபுள் பாஸ் இல்லை. இசைத்தட்டின் பெயரே ‘ஜாஸ் டாங்கோ’. பியானோ வாசித்தவர் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் பிறந்த பாப்லோ ஸீக்லர். அப்போது அவருக்கு வயது 73.

ஜாஸ், அமெரிக்காவில் பிறந்த, அந்த இடத்திலேயே இட்டுக்கட்டி வாசிக்கும் இசை. டாங்கோ, பியூனஸ் அயர்ஸ் பக்கத்து ஆட்ட இசை. இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது யாருக்கும் சுலபம். இசையில் அவற்றை ஒட்டவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

முதலில் டாங்கோவின் பக்கம். அந்தக் காலத்து டாங்கோக் கலைஞர்களிடம் ஒரு சொல் உண்டு: ‘அ லா பரிய்யா’. பரிய்யா என்றால் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டு. எழுதி வைத்த தாள் எதுவும் இல்லாமல், நீ இதை எடு, நான் அதை எடுக்கிறேன் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டு வாசிப்பதற்கு அந்தப் பெயர். ஆக, அந்த இடத்திலேயே இட்டுக்கட்டும் பழக்கம் டாங்கோவுக்கு அந்நியம் இல்லை. ஆனால் 1940-களில் குழுக்கள் பெரிதாயின. நான்கு பாண்டோனியான், நான்கு வயலின் என்று வரிசையாக உட்கார்ந்து, தளம் நிறைய ஆடுகிறவர்களுக்கு வாசித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக மூச்சுவிட வேண்டுமென்றால் எல்லாம் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்து வந்தது, இட்டுக்கட்டுதல் ஒதுங்கியது.

டாங்கோவைப் புதிதாக எழுதிய அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலாவின் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும். இளவயதில் அவர் அனிபால் திரோய்லோவின் குழுவில் பாண்டோனியான் வாசித்தார், இசைக்கோவையும் எழுதினார். அவர் எழுதிக் கொண்டுவரும் தாளில் பாதிக்கு மேல் திரோய்லோ ரப்பர் வைத்து அழித்துவிடுவாராம். ஆடுகிறவர்களின் கால் தடுமாறுமே என்ற கவலை. என்னால் திரோய்லோவைக் குறை சொல்ல முடியவில்லை. தளத்தில் இருந்த ஜோடிகள் அவரை நம்பி வந்தவர்கள்.

அந்த பியாசோலாவே ஜாஸையும் டாங்கோவையும் சேர்க்கப் பார்த்திருக்கிறார். 1955-இல் அவர் தொடங்கிய எண்மர் குழுவில் ஒராசியோ மல்விசினோ என்ற ஜாஸ் கிட்டார்க்காரரை மின்கிட்டாரோடு உட்காரவைத்து, எழுதாததையும் வாசிக்கச் சொன்னார். மரபுக்காரர்கள் கொதித்தார்கள். அப்புறம் 1959-இல், நியூயார்க்கில் இருந்தபோது, ஜாஸ் டாங்கோ என்று சொல்லிக்கொண்டு ‘டேக் மீ டான்சிங்’ என்ற இசைத்தட்டுப் போட்டார். பிழைப்புக்கு வழி வேண்டும், அமெரிக்கர்களுக்கும் பிடிக்க வேண்டும். அது எடுபடவில்லை. பின்னாளில் அவரே அதைத் தன் கணக்கில் சேர்க்க விரும்பவில்லை. மேலே தாளக்கருவிகளைத் தூவி, பாடலை அழகுபடுத்தி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்க வேண்டிய நரம்பு இருக்காது. பியாசோலா மீது மிகுந்த அன்பு உள்ளவன் நான். அந்தத் தட்டை மட்டும் ஒரு தடவைக்கு மேல் கேட்க மனம் வந்ததில்லை.

இனி ஸீக்லர். 1944-இல் பிறந்தவர். சங்கீதக் கல்லூரியில் முறையான செவ்வியல் பயிற்சி. பதின்ம வயதிலேயே ஜாஸ் குழுக்களில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு சொந்தமாக ஒரு மூவர் குழு, படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் இசை. அவர் வயதுப் பையன்களுக்கு டாங்கோ அப்பா தலைமுறையின் இசை. ஆனாலும் அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதைத் தனியாகப் போய்க் கற்க வேண்டியதில்லை. ஜன்னல் வழியாக, வானொலி வழியாக அது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

1978-இல் பியாசோலா தன் ஐவர் குழுவை மறுபடி கூட்டினார். வயலினுக்கு பெர்னாண்டோ சுவாரஸ் பாஸ், டபுள் பாஸுக்கு எக்தோர் கன்சோலே, கிட்டாருக்கு ஆஸ்கார் லோபஸ் ரூயிஸ். பியானோவுக்கு ஸீக்லரை அழைத்தார். டாங்கோக் குழுக்களில் ஊறி வந்த பியானோக்காரர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு ஜாஸ்காரர் ஒருவரை எடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அங்கே போனதும் ஸீக்லருக்குக் கை நிறையச் சுதந்திரம் கிடைத்துவிடவில்லை. பியாசோலாவின் இசை எழுத்து இசை. ஸ்வரம், அழுத்தம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது வரை தாளில் இருக்கும். பத்து ஆண்டுகள் அதற்குள் இருந்து வாசித்தார். அந்தப் பத்து ஆண்டுகள்தான் அவரை உருவாக்கின என்பது என் எண்ணம்.

கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். டாங்கோவில் டிரம்ஸ் கிடையாது. அடிக்கிற வேலை முழுக்க டபுள் பாஸுக்கும் பியானோவின் இடது கைக்கும். அதில் ‘அர்ராஸ்த்ரே’ என்று ஒரு நுட்பம் உண்டு. சொல்லுக்குப் பொருள் இழுவை. தட்டு விழ வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே, பியானோவின் அடிக்கட்டைகளில் இடது கை கீழிருந்து இரண்டு மூன்று ஸ்வரங்களை அழுக்காகத் தேய்த்துக்கொண்டு மேலேறி, சரியாகத் தட்டில் போய் விழும். கனமான பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் ‘டம்’ என்று இடிப்பது போல. அந்த இழுவைக்குத்தான் ஆடுகிறவரின் உடம்பு எழும்பும். தாளில் அதை ஒரு சின்னக் கோடாகத்தான் போட முடியும். எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும், எவ்வளவு அழுக்கு வேண்டும் என்பதை எந்தத் தாளும் சொல்லாது.

ஜாஸ்காரரின் கை வேறு மாதிரிப் பழகியது. ஜாஸில் ஸ்வரங்கள் ஊஞ்சல் போல ஆடும்: ஒன்று நீளம், ஒன்று குட்டை. அந்த ஊஞ்சலை அப்படியே டாங்கோவுக்குள் கொண்டுவந்தால் டாங்கோ இடுப்பொடிந்து உட்கார்ந்துவிடும். டாங்கோவுக்குச் சம அளவான ஸ்வரங்கள் வேண்டும், அவற்றின் மேல் கத்தி மாதிரி அழுத்தம் வேண்டும். தகிட தகிட தக. இந்த இரண்டையும் கலந்தார் என்று ஸீக்லரைப் பற்றிச் சொல்வார்கள். கலப்பு என்ற சொல் எனக்குப் போதவில்லை. அவர் டாங்கோவின் உச்சரிப்பை முழுசாக வாங்கிக்கொண்டு, அந்த உச்சரிப்பிலேயே இட்டுக்கட்டக் கற்றுக்கொண்டார். ஜாஸிடமிருந்து அவர் எடுத்தது ஊஞ்சலை அல்ல, துணிச்சலை. வலது கை நினைத்த இடத்துக்குப் போகும். அழுத்தம் விழும் இடம் மட்டும் பியூனஸ் அயர்ஸ்தான்.

1984-இல் மான்ட்ரியல் ஜாஸ் விழாவில் இந்த ஐவர் குழு வாசித்ததன் ஒளிப்பதிவு இருக்கிறது. அதில் ‘அடியோஸ் நோனினோ’ கேளுங்கள். 1959-இல் அப்பா இறந்த செய்தி வந்தபோது பியாசோலா வெளிநாட்டில் இருந்தார். ஊர் திரும்ப முடியாத அந்தத் துக்கத்தில் எழுதிய பாடல். நோனினோ என்பது அப்பாவை வீட்டில் கூப்பிட்ட பெயர். இதற்கு 1969-இல் தாந்தே அமிகரெல்லி என்ற பியானோக்காரருக்காக ஒரு நீண்ட தனி முன்னிசையை பியாசோலா எழுதிச் சேர்த்தார். ஸீக்லரின் கைக்கு அது வந்தபோது உள்ளே காற்று புகுந்தது. ஓரிடத்தில் நின்று யோசிக்கிறார், ஓரிடத்தில் அலை போல ஓடுகிறார், நமக்குத் தெரிந்த மெட்டின் ஒரு நுனியைக் காட்டிவிட்டு மறைக்கிறார். மனோதர்மம் என்று நாம் சொல்வது அதைத்தான். மற்ற நால்வரும் காத்திருக்கிறார்கள். எதையும் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்த பியாசோலா, ஒரு காலைத் தூக்கி வைத்து, முழங்காலில் பாண்டோனியானோடு நின்றபடி, அப்பாவுக்கான பாட்டின் வாசலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1986 அவர்களுடைய பெரிய ஆண்டு. நியூயார்க்கில் ‘டாங்கோ: ஜீரோ அவர்’ பதிவானது, தன் வாழ்நாளின் சிறந்த இசைத்தட்டு என்று பியாசோலாவே சொன்னது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ விழாவில், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனில் கேரி பர்டன் சேர்ந்துகொள்ள, வாசித்தார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க் சென்ட்ரல் பார்க். 1988-இல் பியாசோலாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஐவர் குழுவும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1992-இல் அவர் மறைந்தார்.

ஐவர் குழு முடிந்தபோது ஸீக்லர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். பியாசோலாவின் பியானோக்காரர் என்ற பெயரை வைத்துக்கொண்டே மீதிக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் சொந்தக் குழு கட்டினார், சொந்தமாக எழுதினார். 1996-இல் இமானுவல் ஆக்ஸ் என்ற செவ்வியல் கலைஞரோடு இரண்டு பியானோக்களில் ஒரு தட்டு வந்தது. கச்சிதமான வேலை. ஆனால் என் மனம் அதைவிட அவருடைய மூவர் குழுவின் ‘பாஹோ செரோ’ தட்டின் பக்கம்தான் போகிறது. பூஜ்யத்துக்குக் கீழே என்று பொருள். கிட்டாரில் கிகே சினேசி, பாண்டோனியானில் வால்டர் காஸ்ட்ரோ. 2005-இல் லத்தீன் கிராமி வாங்கியது. மூன்றே பேர் என்பதால் ஒருவர் கிளம்பினால் மற்ற இருவரும் உடனே தரை விரித்தாக வேண்டும். அந்தப் பழைய இரும்புத் தட்டு மறுபடி சூடேறியது போல இருக்கும்.

நான் முதலில் சொன்ன ‘ஜாஸ் டாங்கோ’வும் அதே வழியில் வந்ததுதான். பாண்டோனியானில் எக்தோர் டெல் கர்த்தோ, கிட்டாரில் கிளாடியோ ரகாஸி. அதில் ‘புளூஸ் போர்தேன்யோ’ என்று ஸீக்லர் எழுதிய ஒரு பாடல் இருக்கிறது. துறைமுக நகரமான பியூனஸ் அயர்ஸின் ஆட்களுக்குப் போர்தேன்யோ என்று பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் வகையான புளூஸுக்குத் தன் ஊர்ப் பெயரையே சூட்டிவிட்டார்.

அந்தத் தட்டிலிருந்து ஒன்றை இப்போது போடப் போகிறேன். பியாசோலா எழுதிய ‘மிக்கேலாஞ்செலோ 70’. அவர் வாசித்துவந்த ஒரு இரவு விடுதியின் பெயர் அது. சின்னப் பாடல்தான். டிரம்ஸ் இல்லை, டபுள் பாஸ் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஸீக்லரின் இடது கையை மட்டும் கேளுங்கள். கையைத் தொடையில் வைத்துக்கொள்ளுங்கள். தகிட தகிட தக. விளக்கைக் கொஞ்சம் குறைக்கலாமா? நன்றி. போடுங்கள்.