தொடர்புத் தடமறியும் செயலியை மக்கள் மனமுவந்து பயன்படுத்துவது எப்போது?

கோவிட்-19 காலத்தில், தொற்று கண்டவருக்கு அருகில் இருந்தவர்களைக் கண்டறியச் சிங்கப்பூர் பயன்படுத்திய டிரேஸ்டுகெதர் செயலி பற்றி நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "டிரேஸ்டுகெதர் செயலியைக் கட்டாயமாக்கியதால்தானே எல்லாரும் பயன்படுத்தினார்கள்? நாளைக்கு வேறொரு தொற்று வந்தால், கட்டாயம் இல்லாமல் இப்படியொரு செயலியை மக்கள் ஏற்பார்களா?"

இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைக் காலவரிசைப்படி பார்ப்போம். செயலி 2020 மார்ச் 20ஆம் தேதி வெளியானது. முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே அதைப் பதிவிறக்கம் செய்திருந்தனர். அதுவோ அதற்கு ஈடான கையடக்கக் கருவியோ இல்லாமல் கடைத்தொகுதிக்குள் நுழைய முடியாது என்ற விதி பரவலாக நடைமுறைக்கு வந்தது 2021 மே 17ஆம் தேதிதான். ஆனால், 2020 முடிவதற்குள்ளேயே பயன்பாடு 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. கட்டாயம் வரப்போகிறது என்ற அறிவிப்புக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை; அது மட்டுமே காரணம் என்பதைத்தான் ஏற்கவில்லை.

தொடக்கத்தில் பலரும் தயங்கியதற்குக் காரணம் கொள்கை அன்று, தொல்லை. ஐபோனில் செயலியைத் திரையில் திறந்தே வைத்திருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்தது; மின்கலமும் விரைவில் தீர்ந்தது. திறன்பேசியே இல்லாத முதியவர்களுக்கோ வழியே இல்லை. அவர்களை மனத்தில் வைத்து 2020 ஜூன் இறுதியில் வழங்கத் தொடங்கிய, செயலியின் வேலையைச் செய்யும் அந்தச் சிறு கருவி நிலைமையை மாற்றியது. எங்கள் புளோக்கில் வசிக்கும் பாட்டி ஒருவர் அதை வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போவார். பச்சை விளக்கு மின்னுகிறதா என்று மின்தூக்கியில் ஒருமுறை பார்த்துக்கொள்வார். அருகிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று உணர உதவும் புளூடூத் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் அவருக்கு இல்லை.

அடுத்தது, பயன் கண்ணுக்குத் தெரிவது. கோவிட் கட்டுப்பாடுகளின் மூன்றாம் கட்டத் தளர்வுக்குப் பயன்பாடு 70 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று 2020 அக்டோபரில் சொல்லப்பட்டது. அவ்வாண்டு தீபாவளிக்கு ஐந்து பேருக்கு மேல் வீட்டுக்கு அழைக்க முடியாமல் இருந்த நமக்கு, பொங்கலுக்கு எட்டுப் பேரை அழைக்கலாம் என்பது சிறிய செய்தி அன்று.

ஆனால் விருப்பத்தை உண்மையில் சோதித்தது நம்பிக்கைதான். இச்செயலி நாம் எங்கே இருந்தோம் என்பதைப் பதிவு செய்யவில்லை; யாருடைய கருவிக்கு அருகில் இருந்தோம் என்பதை மட்டும் நமது கைப்பேசியிலேயே 25 நாள் வைத்திருந்தது. தொற்று உறுதியானால்தான் அது சுகாதார அமைச்சிடம் சென்றது. தடமறிதலுக்கு மட்டுமே அது பயன்படும் என்று முதலில் சொல்லப்பட்டிருந்த நிலையில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அத்தரவைக் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கொலை வழக்கு விசாரணைக்குத் தரவு வேண்டாம் என்று சொல்பவர்கள் சிலரே. ஆயினும், சொன்னது ஒன்று, சட்டத்தில் இருந்தது வேறொன்று என்பதே பலரையும் உறுத்தியது. இத்திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் தமது தவற்றை ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம், கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் உள்ளிட்ட ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே காவல்துறை அத்தரவைப் பெற அனுமதித்தது. பெரும்பாலோர் செயலியைக் கைவிடவில்லை. ஆனால், காப்பிக் கடையில் அமரும்போது புளூடூத்தை அணைத்துவைக்கும் நண்பர்கள் எனக்கு அப்போது இருந்தனர் (நுழைவாயிலில் மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்வார்கள்). பதிவிறக்கக் கணக்கில் அவர்களும் அடக்கம். கட்டாயத்தால் கிடைக்கும் எண்ணிக்கைக்கும் விருப்பத்தால் கிடைக்கும் பயனுக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

ஆகவே நேயருக்கு என் பதில்: ஏற்பார்கள், ஆனால் இம்முறை முதல் நாளே கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஏற்பார்கள். தரவு யாரிடம் போகும், எப்போது அழிக்கப்படும் என்பதைச் செயலி வெளியாகும் அன்றே சட்டமாக எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். பத்து மாதம் கழித்து எழுதினால் போதாது.