போய்ச் சேரும் வேகம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் வேட்டைத் துப்பாக்கிக் குண்டுகள் இரண்டு கிடக்கின்றன. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் சுட்டுத் தோண்டி எடுத்தவை. ஒன்று பூ மாதிரி விரிந்திருக்கிறது. செம்பு உறை நாலைந்து இதழாகப் பின்பக்கம் மடங்கி, நடுவில் ஈயம் நசுங்கித் தெரியும். இன்னொன்றைப் பார்த்தால் இதைச் சுட்டார்களா என்றே சந்தேகம் வரும். குழலுக்குள் இருக்கும் சுருள் மரை கீறிய தடம் மட்டும் பக்கவாட்டில் இருக்கும். மூக்கு லேசாகச் சப்பை, அவ்வளவுதான். முதல் குண்டு கட்டியைத் தொட்டபோது அதன் வேகம் வினாடிக்கு 2600 அடி. இரண்டாவது தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்து 1500 அடிக்கு இறக்கியிருந்தோம். தொலைவில் போய்ச் சேரும் குண்டு எப்படி நடந்துகொள்ளும் என்று கிட்ட இருந்தே பார்க்க இது ஒரு வழி.

தூரத்திலிருந்து வேட்டையாடுகிறவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். தொலைநோக்கி, தூரமானி, 500 கஜம், 700 கஜம் என்று முழுக்கக் குறியைப் பற்றியே இருக்கும். குறி படுமா என்பது பாதிக் கேள்விதான். பட்ட இடத்தில் குண்டு என்ன செய்யும் என்பது மீதி.

குண்டு விலங்கை இடித்துத் தள்ளுவதில்லை. நுரையீரலும் இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் கிழிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு ரத்தம் போகாமல் நின்றால் சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு அகலமான கிழிசல் வேண்டும். விரியாத குண்டு பென்சில் கனத்துக்கு ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். மான் ஓடிவிடும், மணிக்கணக்கில் எங்கோ புதருக்குள் கிடக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உடலுக்குள் விரியும் குண்டைப் போரில் கூடாது என்று 1899-இல் ஹேக் நகரில் பிரகடனம் செய்தார்கள். இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டமோ, மானை ரைஃபிளால் சுட்டால் விரியும் முனை கொண்ட குண்டுதான் வேண்டும் என்கிறது. இரண்டுமே வதையைக் குறைக்க வந்த விதிகள்.

சரி, விரிய எவ்வளவு வேகம் வேண்டும்? செம்பு உறையும் ஈய உள்ளீடும் கொண்ட வழக்கமான வேட்டைக் குண்டுகளுக்கு வினாடிக்குச் சுமார் 1800 அடி. தூரத்துக்கென்றே செய்த சிலவகை 1300 அடியிலும் விரியும். முழுக்கச் செம்பிலேயே செய்தவை பல 2000 அடி வரை கேட்கும். 165 கிரெய்ன் (பத்து கிராமுக்குச் சற்று மேல்) எடையுள்ள .308 குண்டு (விட்டம் 0.308 அங்குலம்) ஒன்று 2700 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பினால், 400 கஜத்தில் 2000 அடியை ஒட்டி வந்துவிடும். 500 கஜத்தில் 1800-ஐ ஒட்டி. ஆக, குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் செம்புக் குண்டுக்காரரின் தூரம் ஏறக்குறைய 400 கஜத்தோடு சரி. உயரமான மலையில் காற்று மெலிந்திருக்கும், வேகம் இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும். அந்தக் கணக்கையும் வீட்டிலேயே போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இதில் ஈயத்தின் வழக்கு தனி. ஈயம் எளிதில் விரியும், கூடவே பொடிப்பொடியாகச் சிதறும். வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலையும் சதையையும் தின்ற காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் ஈய விஷத்தால் செத்தன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கழுகுக்கு நல்லது செய்யச் செம்புக்கு மாறினால் தூரம் சுருங்கும். சுருங்கட்டுமே, என் ஓட்டு அதற்குத்தான்.

தூரத்தில் எளிதாக விரியட்டும் என்று மென்மையான குண்டை எடுத்தாலும் தொல்லை தீராது. அன்றைக்கென்று மான் 50 கஜத்தில் வந்து நிற்கும். அந்த வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் குண்டு மேலேயே உடைந்து, சதையைச் சிதைத்துவிட்டு நுரையீரலை எட்டாமலே நின்றுவிடலாம்.

அப்புறம் நேரக் கணக்கு. 500 கஜம் போக அந்த .308 குண்டுக்கு முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். விசையை அழுத்தியபின் மான் சும்மா ஓர் எட்டு வைத்தால் போதும், நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றில் படும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அதே தூரத்தில் குண்டைச் சுமார் 20 அங்குலம் தள்ளும். மானின் உயிர்நிலையோ எட்டு முதல் பத்து அங்குலம். காற்றைப் பாதி தப்பாக மதித்தாலே போச்சு. நல்ல குண்டு இந்தத் தப்புகளைத் திருத்தாது.

சுட்டபின் நடக்க வேண்டிய தூரத்தை யாரும் பேசுவதில்லை. 500 கஜத்துக்கு அப்பால், ஒரே மாதிரியான புல்லில், மான் நின்ற இடம் எது? தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுத்ததும் அடையாளம் மறைந்துவிடும். அதனால் நகர்வதற்கு முன்பே பக்கத்துப் பாறையையோ மரத்தையோ குறித்துக்கொள்ள வேண்டும்; கூட வந்தவரை அங்கேயே நிறுத்தி, கையசைத்து வழிகாட்டச் சொல்ல வேண்டும். போய்க் குனிந்து பார்த்தால் புல்நுனியில் ரத்தம் தெரியும். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், விலங்கு பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். ரத்தத்தோடு பச்சையாக அரைத்த புல் ஒட்டியிருந்தால் குடல். அப்போது விரட்டக்கூடாது, விரட்டினால் எழுந்து இன்னும் தூரம் போய்விடும். சில மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.